தட்ட இறுகும், சுட இளகும்

கையால் நகை செய்ய உகந்த உலோகத்துக்கு மூன்று குணங்கள் வேண்டும். அடித்தால் உடையாமல் தகடாக வேண்டும். இழுத்தால் அறாமல் கம்பியாக வேண்டும். சிறு தீயில் காட்டினால் இன்னொரு துண்டோடு பற்றிக்கொள்ளவும் வேண்டும். செம்பு, வெள்ளி, பொன் மூன்றிலும் இந்தக் குணங்கள் ஒருசேர அமைந்திருக்கின்றன. தனிம வரிசை அட்டவணையில் இவை மூன்றும் 11-ஆம் தொகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. மூன்றின் அணுக்களும் ஒரே வகையான அடுக்கில் அமைந்திருக்கின்றன. கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அணு இருக்கும் அடுக்கு அது. இதில் அணுத்தளங்கள் மிக நெருக்கமாகப் படிந்திருப்பதால், ஒரு தளம் இன்னொன்றின்மேல் வழுக்கி நகர்வது எளிது. இரும்பாலும் துத்தநாகத்தாலும் முடியாத நுண்வேலைக்கு இந்த மூன்றும் இடங்கொடுப்பதன் அடிப்படை இதுதான்.

தாதுவை உருக்கி உலோகம் பிரிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே மனிதர் செம்பில் அணிகள் செய்துவிட்டார்கள். தென்கிழக்குத் துருக்கியில் உள்ள சாயோனு என்ற இடத்தில், இயற்கையில் தனியாகக் கிடைத்த செம்பைத் தட்டிச் செய்த மணிகளும் ஊசிகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழமையான அந்தச் செம்பில், சூடாக்கி இளக்கியதற்கான தடயமும் உண்டு. பலுசிஸ்தானின் மெஹர்கரில் கிடைத்த சக்கர வடிவத் தாயத்துக்கு வயது சுமார் 6,000 ஆண்டுகள். அது மெழுகில் உரு செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் செம்பை வார்த்துச் செய்யப்பட்டது என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2016-இல் விளக்கினார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் சிலை வார்ப்பது இதே மெழுகு முறையில்தான். வீட்டு மேசையில் பொழுதுபோக்காக நகை செய்பவர் பெரும்பாலும் வார்ப்பதில்லை. தகட்டையும் கம்பியையும் அறுத்து, தட்டி, வளைத்து, பற்றவைக்கிறார். இந்தக் கட்டுரையும் அந்த வேலைகளையே பின்தொடர்கிறது.

எந்த உலோகத்தில் தொடங்குவது? செம்பில் என்பதே சரியான விடை. விலை குறைவு, எளிதில் கிடைக்கும், தட்டும்போதும் சுடும்போதும் வெள்ளியைப் போலவே நடந்துகொள்ளும். பழைய மின்கம்பியின் உறையை உரித்தெடுத்த செம்பே பயிற்சிக்குப் போதும். ஆனால் உறையைக் கத்தியால்தான் நீக்க வேண்டும். பிளாஸ்டிக்கைக் கொளுத்தி நீக்கினால் நச்சுப்புகை எழும். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. பொன்னிறம் கவர்ந்தாலும், துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும் என்பதால், பித்தளையை நீண்ட நேரம் பெருந்தீயில் காட்டுவது புதியவர்களுக்கு உகந்ததல்ல. ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் விற்கப்படும் உலோகத்தில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது அது. நிக்கல் பலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்கும், அதிலும் புதிதாகத் துளையிட்ட காதில் எளிதில் ஒவ்வாமை தொடங்கும். ஆகவே அதில் தோடு செய்யாமலிருப்பது நல்லது.

தூய வெள்ளி எளிதில் வடுப்படும் அளவுக்கு மென்மையானது. அதனால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியும் 75 பங்கு பெரும்பாலும் செம்புமாகச் சேர்த்த கலவையே உலகெங்கும் நகைக்குப் பயன்படுகிறது. ஸ்டெர்லிங் என்று பெயர் பெற்ற கலவை இதுதான். செம்பணு வெள்ளியணுவைவிடச் சிறியது. வெள்ளியின் அடுக்கில் ஆங்காங்கே செம்பணு புகுந்து உட்கார்ந்ததும் தளங்கள் மேடுபள்ளமாகி, வழுக்கி நகர்வது கடினமாகிறது. இளகிய நிலையில் தூய வெள்ளியின் கடினம் விக்கர்ஸ் என்ற அளவுகோலில் ஏறத்தாழ 25 என்றால், 925 வெள்ளிக்கு 65-க்கு மேல். நன்றாகத் தட்டி இறுக்கியபின் அது 140-ஐயும் தாண்டும். நூற்றுக்கு ஏழரை பங்கு செம்பு செய்யும் வேலை இவ்வளவு.

வாங்கும்போது ஒரு கவனம் தேவை. கம்பி, தகடு ஆகியவற்றின் பருமனைக் கேஜ் எண்ணால் சொல்வது வழக்கம். ஆனால் பிரிட்டிஷ் கேஜும் அமெரிக்கக் கேஜும் ஒன்றல்ல. 18 என்ற அதே எண் ஒன்றில் 1.22 மில்லிமீட்டர், மற்றதில் 1.02 மில்லிமீட்டர். அமெரிக்கச் செய்முறை நூலைப் பார்த்துக்கொண்டு உள்ளூர்க் கடையில் எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் வளையங்கள் பொருந்தாமல் போகும். மில்லிமீட்டரில் கேட்டு வாங்குவதே பிழையற்ற வழி.

இனி, இந்தக் கலையின் மையமான உண்மைக்கு வரலாம். ஒரு செப்புக் கம்பியை முதல்முறை வளைத்தால் சுலபமாக வளையும். அதே இடத்தில் மீண்டும் வளைத்தால் எதிர்ப்புக் காட்டும். ஐந்தாறு முறைக்குப்பின் முறிந்துவிடும். உலோகம் களைத்துப்போனதாகத் தோன்றினாலும், உள்ளே நடப்பது வேறு. எந்த உலோகப் படிகத்திலும் அணுக்களின் வரிசை முழுமையாக இருப்பதில்லை. ஒரு வரிசை பாதியில் நின்றுபோன இடங்கள் ஏராளம். இவற்றை இடப்பிறழ்வுகள் என்பார்கள். பெரிய ஜமக்காளத்தை ஒரே இழுப்பில் நகர்த்துவது கடினம்; ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி அந்த மடிப்பை மறுமுனைவரை தள்ளிக்கொண்டு போனால், சிரமமின்றி ஜமக்காளம் நகர்ந்துவிடும். இடப்பிறழ்வு அந்த மடிப்பின் வேலையைச் செய்கிறது. ஒரு தளத்தில் உள்ள அணுக்கள் யாவும் ஒரே சமயத்தில் பிணைப்பை அறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வரிசை வரிசையாக நகர்ந்தால் போதும். உலோகத்தின் வலிமை கோட்பாட்டுக் கணக்கைவிட ஏன் பன்மடங்கு குறைவாக இருக்கிறது என்ற புதிருக்கு 1934-இல் ஜி. ஐ. டெய்லர், எகான் ஓரோவான், மைக்கேல் போலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே இந்த விளக்கத்தை அளித்தார்கள். 1956-இல் கேம்பிரிட்ஜில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியே இடப்பிறழ்வுகள் நகர்வதை நேரிலேயே பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு சுத்தியல் அடியிலும் தட்டார்கள் ஆயிரமாண்டுகளாகக் கையால் உணர்ந்துவந்த ஒன்றைக் கண்ணால் காண அவ்வளவு காலம் ஆயிற்று.

தட்டத்தட்ட, வளைக்க வளைக்க, இடப்பிறழ்வுகள் பெருகுகின்றன. ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சமாக இருந்தவை லட்சம் கோடி வரை போகும். இவ்வளவு நெரிசலில் ஒன்றை ஒன்று வழிமறித்துச் சிக்கிக்கொள்கின்றன. நகர முடியாத நிலையில் உலோகம் இறுகுகிறது. மேலும் அடித்தால் நகர்வதற்குப் பதில் விரிசல் விடுகிறது. தகட்டின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் நிறுத்தவேண்டிய கட்டம் ஏற்கெனவே கடந்துவிட்டது என்று பொருள்.

இதற்கு மருந்து நெருப்பு. செம்பையோ வெள்ளியையோ மங்கிய சிவப்பு நிறம் காட்டும்வரை சூடாக்கினால், சிதைந்த படிகங்களின் இடையே புதிய, ஒழுங்கான சிறு படிகங்கள் முளைத்து வளர்ந்து பழையவற்றை விழுங்கிவிடும். சிக்கல் அவிழ்ந்து உலோகம் மறுபடி இளகும். காய்ச்சி ஆற்றுதல் எனப்படும் இந்தச் செயலுக்கு 925 வெள்ளியில் 600 முதல் 650 டிகிரி செல்சியஸ் தேவை. வெப்பமானி இல்லாமல் அதை எப்படி அறிவது? எந்தத் திடப்பொருளும் ஏறத்தாழ 525 டிகிரியைத் தாண்டும்போது இருட்டில் மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். ஜான் வில்லியம் டிரேப்பர் 1847-இல் வெளியிட்ட அளவு அது. பட்டறைகளில் விளக்கைக் குறைத்துவிட்டு வேலை செய்வதற்கு இதுவே காரணம். பட்டப்பகல் வெயிலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியும்போது வெள்ளி உருகும் எல்லையை நெருங்கியிருக்கும். நிழலான மூலையில் அமர்ந்து சுடும் பழக்கம் எத்தனையோ துண்டுகளைக் காப்பாற்றும்.

அளவுக்கு மீறி நேரம் சுட்டாலும் கெடுதிதான். புதிய படிகங்கள் அளவுகடந்து பெரிதாகிவிடும்; அப்படிப்பட்ட தகட்டை வளைத்தால் மேற்பரப்பு ஆரஞ்சுப்பழத் தோல்போலச் சொரசொரப்பாகும். சுட்டபின் குளிர்விப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. எஃகைச் சிவக்கச் சுட்டு நீரில் தோய்த்தால் இறுகும். 925 வெள்ளி நேர்மாறாக இளகிய நிலையிலேயே நிற்கும். அதிக வெப்பத்தில் வெள்ளி தன் எடையில் ஏறத்தாழ 8.8 விழுக்காடு வரை செம்பைத் திடநிலையிலேயே கரைத்து வைத்துக்கொள்ளும். ஆற ஆற அந்தக் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். மெதுவாக ஆறினால் செம்பு நுண்துகள்களாகப் பிரிந்து படிந்து உலோகத்தை இறுக்கும். விரைவில் நீரில் போட்டால் பிரிவதற்கு அவகாசம் இல்லை. சிவப்பு மறைந்ததும் தோய்ப்பது நல்ல வழக்கம்; சிவப்போடு தோய்த்தால் நெளியவும் வெடிக்கவும் கூடும். இதே குணத்தை எதிர்த்திசையிலும் பயன்படுத்தலாம். முடிந்த நகையைச் சிறு மின்சூளையில் சுமார் 300 டிகிரியில் ஒரு மணிநேரம் வைத்தால், தட்டாமலேயே அது இறுகிவிடும். கொக்கி, ஊசி போன்றவற்றுக்கு இது மிகப் பயன்படும்.

மற்ற கைவேலைகள் இந்த இறுகல்-இளகல் சுழற்சிக்குள்ளேயே நடக்கின்றன. கம்பியச்சு என்பது ஒன்றைவிட ஒன்று சிறிதான துளைகள் வரிசையாக உள்ள எஃகுத் தகடு. கம்பியின் நுனியைக் கூராக அராவி, துளையில் நுழைத்து, குறட்டால் பிடித்து இழுத்தால் கம்பி மெலிந்து நீளும். பொருளின் கனஅளவு மாறுவதில்லை என்பதால் கணக்கு நேரானது. 1 மில்லிமீட்டர் கம்பி 10 சென்டிமீட்டர் இருந்து, அதை அரை மில்லிமீட்டருக்கு இழுத்தால் நீளம் 40 சென்டிமீட்டர் ஆகும். ஆனால் ஒரே மூச்சில் இழுக்க முடியாது. குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய பாதியானதும் மீண்டும் காய்ச்ச வேண்டும். இப்படி இழுத்த மெல்லிய வெள்ளிக் கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கி, தட்டையாக நசுக்கி, சுருள்களாக்கி, சட்டத்துக்குள் அடுக்கிப் பற்றவைப்பதே கம்பிச்சித்திர வேலை. ஒடிசாவின் கட்டாக்கில் தாரகசி என்ற பெயரிலும் தெலங்கானாவின் கரீம்நகரிலும் இந்த வேலை தழைத்திருக்கிறது. இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. தொடக்கநிலையினர் இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. கம்மலுக்கு ஒரு சிறிய இலை செய்து பார்க்கலாம்.

மோதிரம் செய்வதற்குத் தகட்டின் நீளத்தைக் கணக்கிடுவதில் பலரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். விரலின் சுற்றளவுக்கு வெட்டினால் மோதிரம் சிறிதாகிவிடும். வளைக்கும்போது உட்புறம் நெருங்குகிறது, வெளிப்புறம் நீள்கிறது. நடுவில் ஒரு அடுக்கு மட்டுமே நீளம் மாறாமல் நிற்கிறது. எனவே உள்விட்டத்தோடு தகட்டின் தடிமனையும் கூட்டி, அதைத்தான் 3.14 ஆல் பெருக்க வேண்டும். உள்விட்டம் 17 மில்லிமீட்டர், தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் 58 மில்லிமீட்டர் தகடு தேவை. அறுப்பதற்கு மெல்லிய நகை ரம்பம் போதும். அலகின் பற்கள் கைப்பிடியை நோக்கி இருக்க, கீழே இழுக்கும்போது மட்டும் அறுக்க வேண்டும். தகட்டின் தடிமனுக்குள் எப்போதும் இரண்டு மூன்று பற்களாவது இருக்கும்படி அலகைத் தேர்ந்தால் அது அடிக்கடி முறியாது.

அடுத்து வருவது பற்றவைத்தல். கலையின் மிக அழகிய பகுதி இது, புதியவர்கள் மிகுதியாகத் தோற்பதும் இதில்தான். தட்டார் வழக்கில் பொடி எனப்படும் இணைப்பு உலோகம், நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகி, இரண்டு துண்டுகளுக்கிடையே பாய்ந்து, உறைந்து பிணைக்கிறது. குறைந்த வெப்பத்தில் உருகும் கலவை எங்கிருந்து வருகிறது என்பதே வியப்பூட்டும் செய்தி. தூய வெள்ளி 962 டிகிரியில் உருகும். தூய செம்பு 1,085 டிகிரியில். இரண்டையும் 72-க்கு 28 என்ற விகிதத்தில் கலந்தால் உருகுவது 779 டிகிரியிலேயே. வேறுவேறு அணுக்கள் ஒன்றுக்கொன்று படிக ஒழுங்கைக் கெடுப்பதால் திரவ நிலை எளிதாகிறது. இதோடு கொஞ்சம் துத்தநாகமும் சேர்த்தால் உருகுநிலை இன்னும் இறங்கும். துத்தநாகத்தின் அளவைக் கூட்டிக் குறைத்து மூன்று தரங்களில் பொடி விற்கிறார்கள். பிரிட்டிஷ் வழக்கப்படி கடினப் பொடி சுமார் 745 முதல் 780 டிகிரிக்குள்ளும், நடுத்தரம் 720 முதல் 765-க்குள்ளும், எளிய பொடி 705 முதல் 725-க்குள்ளும் உருகி ஓடும். 925 வெள்ளியோ 800 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். பல மூட்டுகள் உள்ள நகையில் முதலில் கடினப் பொடி, கடைசியில் எளிய பொடி என்ற வரிசை இதனால் உருவானது; பின்னால் வைக்கும் மூட்டு முன்னதை உருக்கிவிடக் கூடாது. ஒருமுறை ஓடிய பொடியிலிருந்து துத்தநாகம் சிறிது ஆவியாகிவிடுவதால் அது மறுமுறை உருகக் கூடுதல் வெப்பம் கேட்கும். இது கைவேலைக்குக் கிடைத்த வசதி.

பொடி ஓட மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, மூட்டு நெருங்கிப் பொருந்தியிருக்க வேண்டும். பொடியை இழுத்துச் செல்வது நுண்புழை ஈர்ப்பு. இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் அது வலுவாக வேலை செய்யும். மூட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஒளி கசிந்தால் மறுபடியும் அராவ வேண்டும். பொடி பள்ளத்தை நிரப்பும் பூச்சு அல்ல. இரண்டாவது தூய்மை. சூடான செம்பின்மேல் ஆக்சைடு படலம் உடனே படியும். அதன்மேல் உருகிய பொடி பரவாமல் உருண்டு நிற்கும். இங்கேதான் வெண்காரம் வருகிறது. இமயத்துக்கு அப்பால் திபெத்திலிருந்தும் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கிலிருந்தும் பழங்காலத்தில் வணிகர் கொண்டுவந்த இந்த உப்பு, சுட்டால் முதலில் தன்னுள் இருக்கும் நீரை வெளியேற்றிப் பஞ்சாகப் பொங்கும். பிறகு அடங்கி, 743 டிகிரி வாக்கில் கண்ணாடிபோல் உருகி உலோகத்தைப் போர்த்திக்கொள்ளும். அந்தக் கண்ணாடி ஆக்சைடைத் தன்னுள் கரைத்துக்கொள்வதோடு புதிய காற்று உள்ளே நுழையாமலும் தடுக்கிறது. பொங்கும்போது வைத்த பொடித்துண்டு இடம்பெயர்ந்துவிடும். அவசரப்படாமல் மெதுவாகச் சூடேற்றி, பொங்கல் அடங்கியதும் சாமணத்தால் அதை மீண்டும் இடத்தில் தள்ளிவிட வேண்டும்.

மூன்றாவது நிபந்தனை வெப்பத்தைப் பகிர்வது. வெப்பத்தைக் கடத்துவதில் உலோகங்களுக்குள் வெள்ளிக்கே முதலிடம். செம்பு அதற்கு அடுத்தது. மூட்டை மட்டும் சுட்டுப் பயனில்லை, சூடு அடுத்த நொடியே மற்ற பகுதிகளுக்கு ஓடிவிடும். நகை முழுவதையும் சீராகச் சூடாக்கி, கடைசியில்தான் தீயை மூட்டின்மேல் கொண்டுவர வேண்டும். உருகிய பொடி எங்கே சூடு அதிகமோ அந்தப் பக்கமாக ஓடும். தடித்த தகட்டில் மெல்லிய கம்பியை ஒட்டும்போது தீயைத் தகட்டின்மேல் காட்ட வேண்டும்; கம்பி தானாகச் சூடேறும். இதை மறந்தால் கம்பி உருண்டையாகிவிடும். பொடி பளிச்சென்று வெள்ளிக் கோடாக மூட்டு நெடுக ஓடும் கணத்தைக் கண்டதும் தீயை விலக்கிவிட வேண்டும். அதற்குமேல் ஒரு நொடிகூட வேண்டியதில்லை.

தீயின் தன்மையும் முக்கியம். வாயால் ஊதும் குழலும் உமியோடும் செய்த வேலையை இன்று பெரும்பாலும் கையடக்க கேஸ் டார்ச் செய்கிறது. அடுக்களையில் பயன்படும் சிறிய பியூட்டேன் டார்ச் மோதிரத்துக்கும் தோட்டுக்கும் போதும், உள்ளங்கையளவு தகட்டுக்குப் போதாது. சீறும் நீலத்தீயில் ஆக்சிஜன் மிகுந்திருக்கும். அது உலோகத்தைக் கறுப்பாக்கும். சற்று மென்மையான, புதர்போல் பரந்த தீயே நகைக்கு நல்லது. நீலக்கூம்பின் நுனிக்குச் சற்று முன்னால் இருக்கும் இடமே அதிகச் சூடானது. துண்டை அடுப்புக்கரிக் கட்டிமேல் வைத்துச் சுட்டால், கரி வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். சுற்றியுள்ள ஆக்சிஜனையும் தானே எரித்துத் தீர்த்துவிடும்.

அதே கரிக்கட்டியில் புதியவர்கள் செய்து மகிழத்தக்க ஒரு சோதனை உண்டு. வெள்ளிக் கம்பியைச் சிறு துணுக்குகளாக வெட்டி, கரியில் குழிந்த இடங்களில் வைத்து உருக்கினால், ஒவ்வொன்றும் சட்டென்று மணியாகத் திரண்டுவிடும். பரப்பு இழுவிசை திரவத்தை மிகக் குறைந்த மேற்பரப்புள்ள வடிவமாக, அதாவது கோளமாக, இழுக்கிறது. துணுக்கு பெரிதானால் புவியீர்ப்பு வென்று அடிப்பக்கம் தட்டையாகும். இப்படிப்பட்ட நுண்மணிகளைப் பொடியின் சுவடே தெரியாமல் தகட்டில் பதித்த, பண்டைய இத்தாலியின் எட்ரூஸ்கர்களின் பொன்னணிகள் நெடுங்காலம் புதிராக இருந்தன. 1930-களில் இங்கிலாந்தின் லிட்டில்டேல் அதற்கு ஒரு வழி கண்டார். செம்பு உப்பைப் பசையோடு கலந்து மணியை ஒட்டிச் சுட்டால், பசை கரியாகி, அந்தக் கரி உப்பிலிருந்து செம்பைப் பிரித்தெடுக்கிறது. செம்பு தான் தொடும் இடத்தில் மட்டும் பொன்னோடு கலந்து உருகுநிலையைத் தாழ்த்தி அங்கேயே பிணைப்பை உண்டாக்குகிறது. பொடிக்குள் இருக்கும் அதே விதிதான் இங்கே மூட்டின் பரப்பிலேயே நிகழ்கிறது.

பற்றவைத்த நகை கறுத்தும், வெண்காரக் கண்ணாடி படிந்தும் வெளிவரும். அதை வெதுவெதுப்பான மென்னமிலத்தில் ஊறவைக்க வேண்டும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலமே வீட்டுக்கு ஏற்றது. புளிக்கரைசலும் இதே வேலையை மெதுவாகச் செய்யும். இதில் இரும்புச் சாமணத்தை விட்டால் நகைமீது செந்நிறச் செம்பு படிந்துவிடும். இரும்பு அமிலத்தில் கரையும்போது வெளிவிடும் எலெக்ட்ரான்களைக் கரைசலில் உள்ள செம்பு அயனிகள் எடுத்துக்கொண்டு உலோகமாகி வெள்ளிமேல் ஒட்டுகின்றன. செம்பு, பிளாஸ்டிக், மரம் ஆகியவற்றால் ஆன இடுக்கியைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

மேற்பரப்புக் கறுப்பு அமிலத்தில் போய்விடும். ஆனால் 925 வெள்ளியை மெருகேற்றும்போது சில இடங்களில் சாம்பல் ஊதா நிறத்தில் ஒரு கறை தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சூடான வெள்ளிக்குள் ஆக்சிஜன் எளிதாக ஊடுருவி, உள்ளே இருக்கும் செம்பைப் பிடித்துச் செப்பு ஆக்சைடாக்கிவிடுகிறது. கறை மேலே இல்லை, தோலுக்கு அடியில் இருக்கிறது. வந்தபின் அராவித்தான் எடுக்க வேண்டும், ஆகவே வராமல் தடுப்பதே புத்தி. சுடுமுன் நகை முழுவதிலும் வெண்காரக் கரைசல் பூசலாம். சுடும் தடவைகளையும் நேரத்தையும் குறைக்கலாம். 1990-களில் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜான்ஸ் செம்பின் ஒரு பகுதிக்குப் பதில் ஜெர்மானியம் சேர்த்து உருவாக்கிய ஆர்ஜென்டியம் என்ற வெள்ளியில் இந்தக் கறை வருவதில்லை. ஜெர்மானியம் ஆக்சிஜனை முதலில் தான் பிடித்துக்கொண்டு மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலமாகிவிடுகிறது.

மெருகு என்பது பளபளப்பான ஒரு பொருளைத் தடவுவது அன்று. கீறல்களை மேலும் மேலும் சிறிதாக்குவது. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கிறது. கீறல்கள் அதைவிடச் சிறியதானதும் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பி, கண்ணாடியாகத் தெரியும். அரத்துக்குப்பின் 400, 600, 800, 1200 என்ற வரிசையில் உப்புத்தாள் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் முந்தியதற்குக் குறுக்காகத் தேய்த்தால் பழைய கீறல் முழுதும் மறைந்ததா என்பது தெரியும். நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால் அடுத்ததில் இருமடங்கு நேரம் போகும். கடைசியில் இரும்பு ஆக்சைடு தூள் தடவிய துணி.

நாளானால் வெள்ளி கறுக்கும். காற்றில் மிகச் சிறிதளவே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகிறது. படலம் மெல்லியதாக இருக்கையில் மஞ்சள், பிறகு பழுப்பு, நீலம், முடிவில் கறுப்பு என நிறம் மாறும். படலத்தின் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் குறுக்கிட்டுக்கொள்வதன் விளைவு இது. ரப்பர் பட்டையிலும் முட்டையிலும் கந்தகம் இருப்பதால் இரண்டையும் வெள்ளிக்கு அருகில் வைக்கக் கூடாது. கறுப்பை நீக்க, பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சோடா உப்புக் கலந்த வெந்நீர் ஊற்றி, நகை தாளைத் தொடும்படி வைத்தால் போதும். அலுமினியம் எலெக்ட்ரான்களைக் கொடுத்துச் சல்பைடை மறுபடியும் வெள்ளியாக்கிவிடும். தேய்த்தால் இழக்கும் உலோகம் இங்கே மிஞ்சுகிறது. முத்தும் கல்லும் பதித்த நகைக்கு இந்த முறை வேண்டாம். கறுப்பை வேண்டுமென்றே வரவழைப்பதும் உண்டு. செதுக்கிய பள்ளங்களைக் கந்தக உப்பால் கறுக்கச் செய்து மேடுகளை மட்டும் தேய்த்துவிட்டால் வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும். மூடிய டப்பாவில் அவித்த முட்டையின் மஞ்சள்கருவோடு நகையை வைத்தும் இதே விளைவைப் பெறலாம்.

சுத்தியலும் பொடியும் இல்லாத ஒரு குறுக்குவழியும் உண்டு. ஜப்பானின் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனம் 1990-களில் கொண்டுவந்த வெள்ளிக் களிமண் அது. நுண்ணிய வெள்ளித்தூளும் கரிமப் பசையும் நீரும் சேர்ந்த அதைக் கையால் பிசைந்து உருச்செய்து, உலரவைத்துச் சுட்டால், பசை எரிந்துபோய்த் துகள்கள் உருகாமலேயே ஒன்றோடொன்று ஒட்டித் தூய வெள்ளியாகும். சுடும்போது உரு சுருங்கும். தொடக்கக்காலக் களிமண் கால்பங்குக்கு மேல் சுருங்கியது. இலை, பூ போன்ற பதக்கங்களுக்கு மிகவும் ஏற்றது. மோதிரத்துக்கும் கொக்கிக்கும் தட்டிய உலோகத்தின் உறுதி இதில் வராது.

வீட்டில் தீயோடும் அமிலத்தோடும் பழகுவதற்குச் சில கண்டிப்பான விதிகள் உண்டு. 400 டிகிரியில் உள்ள வெள்ளியும் குளிர்ந்த வெள்ளியும் பார்வைக்கு ஒன்றே. நீரில் தோய்க்காத எதையும் விரலால் தொடக் கூடாது. சுடச்சுட இருப்பதை அமிலத்தில் போடக் கூடாது, நீரில் ஆற்றியபின்னரே போட வேண்டும். அமிலத்தைக் கரைக்கும்போது நீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். சன்னல் திறந்த அறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, முடிந்த கூந்தல், பருத்தி உடை ஆகியவை கட்டாயம். காட்மியம் கலந்த பொடியைத் தொடவே வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் கேடிஎம் என்று பெருமையாகச் சொல்லி விற்ற நகைகளின் மூட்டில் இருந்தது அந்தக் காட்மியம்தான். அது 767 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் பற்றவைக்கும்போது ஆவியாகி, ஊதுகிறவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் சிதைக்கிறது. நகையை அணிந்தவருக்கு அழகும் செய்தவருக்கு நோயும் கொடுத்த அந்தப் பொடிக்கு வீட்டு மேசையில் இடமில்லை. மின்னணு வேலைக்கான ஈயப் பற்றாசும் கூடாது. ஒரு துளி ஈயம் ஒட்டிய வெள்ளியை மறுபடி சுட்டால் அந்த இடம் அரித்துக் குழியாகும்.

தொடங்குபவருக்கு ஒரு அரம், ஒரு ரம்பம், இரண்டு குறடு, தட்டையான முகமுள்ள சுத்தியல், அடைகல்லாகப் பயன்படும் வழவழப்பான எஃகுத் துண்டு, சிறிய டார்ச், கரிக்கட்டி, வெண்காரம் இவை போதும். முதல் மாதம் செம்போடு மட்டும் பழகுங்கள். ஒரே கம்பியை இறுகும்வரை தட்டி, சிவக்கச் சுட்டு, மீண்டும் தட்டி, கையிலேயே அந்த வித்தியாசத்தை உணருங்கள். ஒளி புகாத மூட்டை அராவி, பொடி முழு நீளமும் ஓடும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். செம்பில் மூட்டு சரியாக விழத் தொடங்கியபின் வெள்ளி வாங்குங்கள். வாங்கிய வெள்ளி வீணாகாது.